அச்சாணிக்கு ஒரு கூச்சல் டெஸ்ட்

அந்தக் கம்பெனியில், சொந்தக்காரர் யாரென்று தெரியாத கம்ப்யூட்டர்களுக்கு ஒரு பரீட்சை உண்டு. கூச்சல் டெஸ்ட் என்று பெயர். எப்போதோ யாரோ வாங்கி, எதற்கோ ஓடவிட்டு, அப்படியே வேலையை விட்டுப் போயிருப்பார்கள். பெட்டி மட்டும் மூலையில் உறுமிக்கொண்டு கிடக்கும். இது யாருடையது என்று மெயில் போட்டால் ஒருவரும் பதில் சொல்ல மாட்டார்கள். அதனால் கேட்பதில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டியது. யாராவது கத்தினால் அவர்தான் சொந்தக்காரர். மறுபேச்சு பேசாமல் அந்த நிமிடமே பிளக்கைச் செருகிவிட வேண்டும். இரண்டு வாரம் போயும் யாரும் கத்தவில்லை என்றால் பெட்டி பழைய இரும்புக் கடைக்குப் போகும்.

இந்த வித்தையில் கரைகண்டவர் அச்சாணி. கம்பெனியின் அத்தனை சர்வர்களையும் கட்டி மேய்ப்பவர். ஒருமுறை மாடிப்படிக்கு அடியில் தூசி மூடிக் கிடந்த ஒரு பெட்டியை அவர் அணைத்துவிட்டுக் காத்திருந்தார், ஒரு சத்தமும் இல்லாமல் நாட்கள் போயின. பிறகு, வெளியூர் போயிருந்த முதலாளி திரும்பிய மத்தியானம், அவருடைய தனிக் கழிப்பறை வாசலிலிருந்து நிஜமான கூச்சலே வந்தது. அட்டையைக் காட்டினால் திறக்கும் அந்தக் கதவுக்கு உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தது அந்தப் பெட்டிதானாம். அதன் பிறகு அதற்கு முதலாளி செலவில் ஒரு தனி அலமாரியே வந்தது.

அவருக்கு அந்தப் பெயர் வந்ததற்கு அவரேதான் காரணம். ஒரு கூட்டத்தில், "அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாதுன்னு சொல்வாங்க. அது மாதிரிதான் நம்ம சர்வர் ரூமும்" என்று சொல்லிவைத்தார். சர்வர் ரூமை விட்டுவிட்டு அவரைப் பிடித்துக்கொண்டார்கள். அவரும் வேண்டாமென்று சொல்லவில்லை. உள்ளூரப் பிடித்திருந்தது என்பதுதான் உண்மை.

கம்ப்யூட்டர் என்றால் அவருக்கு உயிர். எந்தக் கோளாறாக இருந்தாலும் ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிற பிராணி வேறு எதுவும் உலகத்தில் இல்லை என்பார். கம்பெனியைப் பற்றித்தான் அவருக்கு அவ்வளவு தீர்மானமாகச் சொல்லத் தெரியாது. அங்கே கூட்டம் போடும் அறைகளுக்கெல்லாம் நட்சத்திரங்களின் பெயர். காலைக் கூட்டம் சீக்கிரம் முடிய வேண்டுமென்று எல்லாரும் நின்றுகொண்டே பேசுவார்கள். அது முடிந்து பார்த்தால் எல்லாருக்கும் முட்டி வலித்திருக்குமே தவிர, நேரம் என்னவோ பழைய நேரம்தான். உட்கார்வதற்கு மூட்டை மூட்டையாக மெத்தைகள் போட்டிருந்தார்கள். நாற்பதைத் தாண்டியவர் அதில் உட்கார்ந்தால், எழுந்திருக்க இன்னொரு துறையின் உதவி தேவைப்படும். நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று மாதம் ஒரு மெயில் வரும். யாரையும் வேலையைவிட்டு நீக்க மாட்டார்கள். 'அவருடைய அடுத்த பயணத்துக்கு வாழ்த்துகள்' என்று கேக் வெட்டுவார்கள்.

புது மேலாளர் வந்து சேர்ந்ததும் பண்ணிய முதல் காரியம், அச்சாணியைக் கூப்பிட்டு உட்காரவைத்து லீவு கொடுத்ததுதான். அவரைவிட வயதில் சின்னவர், அதிராமல் பேசுகிற பெண்.

"நீங்க லீவே எடுத்ததில்ல போலிருக்கே. ரெண்டு வாரம் வீட்ல இருங்க. லேப்டாப்ப இங்கயே வெச்சுட்டுப் போங்க. மெயில் கூடப் பாக்கக் கூடாது."

"ரெண்டு வாரமா மேடம்? ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சுன்னா?"

"ஆச்சுன்னா கூப்பிடறோம். ஓய்வெடுங்க, களைச்சுத் தெரியறீங்க."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை அவருக்கு ஞாபகம் வந்தது. இரண்டு வாரம். வேறு யாராவதாக இருந்தால் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். இந்தக் கணக்கை எத்தனையோ பெட்டிகளுக்குப் போட்டவர் அவர். தன்னுடைய பிளக்கைத்தான் பிடுங்குகிறார்கள் என்று அவருக்கு அந்த நாற்காலியிலேயே புரிந்துவிட்டது. மேல்மாடியில் டெஸ்டிங் பிரிவுக்காரருக்கும் இப்படித்தான் முதலில் லீவு வந்தது, அப்புறம் கேக் வந்தது. யாரும் கத்தவில்லை என்றால் தனக்கும் கேக்தான்.

இங்கேதான் அவர் ஒரு காரியம் செய்தார். அவருடைய மேஜைக்கு அடியில் ஒரு பெட்டி இருந்தது. தாத்தா என்று அதற்குப் பெயர். கம்பெனி தொடங்கியபோது வாங்கிய முதல் கம்ப்யூட்டர். வெள்ளையாக வந்து மஞ்சளாகிப் போனது. எந்த சர்வர் நலமாக இருக்கிறது, எதற்கு இடம் போதவில்லை என்று தினமும் காலையில் கம்பெனி முழுக்க 'காலை நிலவரம்' அனுப்புவது அதன் வேலை. ஆனால் ராத்திரியில் எப்படியோ திக்கி நின்றுவிடும். காலையில் ஒருவர் வந்து ஒரு பொத்தானை அழுத்தினால்தான் மேலே நகரும். அந்த ஒருவர் அச்சாணி. அதற்காகவே, மகள் எழுந்திருப்பதற்கு முன்னால் வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவார். பத்து வரி எழுதினால் தீர்ந்துபோகிற கோளாறு. அடுத்தவர் பெட்டியில் அப்படி ஒன்றைப் பார்த்திருந்தால் அன்றைக்கே தீர்த்திருப்பார். இதை மட்டும் அவர் தீர்க்கவே இல்லை. ஏனென்று தன்னைத்தானே அவர் கேட்டுக்கொண்டதும் இல்லை.

லீவுக்கு முன்னால், தன் வேலைகளையெல்லாம் தனக்குப் பதிலாகப் பார்க்கப்போகிறவருக்கு விளக்கிச் சொல்லி ஒப்படைத்தார். எல்லாவற்றையும் சொன்னார். தாத்தாவைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை காலை நிலவரம் வராது, கம்பெனியே அல்லோலகல்லோலப்படும், போன் அடிக்கும். அதுதான் கணக்கு.

திங்கட்கிழமை போன் அடிக்கவில்லை. செவ்வாயும் அடிக்கவில்லை. அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. போனைச் சாப்பாட்டு மேஜையில் மல்லாக்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒருவேளை போனில்தான் கோளாறோ என்று, மனைவியின் போனை எடுத்துத் தன் நம்பரை அடித்துப் பார்த்தார். நன்றாகவே மணி அடித்தது.

மனைவி பிசியோதெரபிஸ்ட். இறுகிப்போன மூட்டுகளை அசைய வைப்பது தொழில். கிளினிக்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் நின்று பார்த்தார்.

"சார்ஜ் இருக்கு, டவர் இருக்கு. கூப்பிடத்தான் ஆள் இல்ல. எந்திரிச்சு கொஞ்சம் நடங்க, அசையாத மூட்டு இறுகிடும்."

நடந்தார். வீட்டுக்குள்ளேயே நடந்து, பழுது பார்க்க ஏதாவது கிடைக்காதா என்று தேடினார். ஹாலில், மூலையில் இருந்த வைஃபை பெட்டி அவர் வாங்கியது இல்லை. கறுப்பாக இருந்தது இப்போது வெள்ளையாக இருந்தது.

"இது எப்ப வந்துச்சு?" என்று மகளைக் கேட்டார்.

"பழசு கெட்டுப்போச்சுப்பா. நானும் அம்மாவும் கடைக்குப் போய் வாங்கிட்டு வந்தோம். நான்தான் மாட்டுனேன்" என்றாள். ஏழாவது படிக்கிறாள்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க ஆபீஸ்ல இருந்தீங்களேப்பா."

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. வெளியே மழை பெய்கிறது என்பதுபோலச் சொல்லிவிட்டு ஷூவைத் துடைக்கப் போய்விட்டாள். அவருக்குத்தான் சுருக்கென்றது. ஊருக்கெல்லாம் கேபிள் மாட்டிக் கொடுக்கிறவர் வீட்டில் வைஃபை செத்துப் பிழைத்திருக்கிறது, ஒருவரும் அவரைக் கூப்பிடவில்லை. வெள்ளைப் பெட்டியின் அமைப்புகளையெல்லாம் திறந்து ஒரு தப்பாவது கண்டுபிடிக்கப் பார்த்தார். சரியாகத்தான் மாட்டியிருந்தாள். அதற்காகச் சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. அன்றைக்கு முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தார். ஓடுகிற பெட்டியை அணைத்தால்தான் யாராவது கத்துவார்கள். அணைந்தே கிடக்கிற பெட்டிக்கு யார் கத்துவார்கள்?

மறுநாள், சும்மா இருப்பதற்கு இது தேவலை என்று மகளைப் பள்ளிக்கூடம் வரை நடத்திக் கூட்டிப்போனார். முதல் தெரு முழுக்க இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் அகப்படவில்லை. மருந்துக் கடையைத் தாண்டியதும் அவள் கேட்டாள்.

"எதுக்குப்பா எது கெட்டுப்போனாலும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்றீங்க?"

இந்தக் கேள்வியை யாராவது தன்னிடம் கேட்க மாட்டார்களா என்று ஏங்கிக்கிடந்தவர் அவர். பள்ளிக்கூட வாசல்வரை சொல்லியும் தீரவில்லை. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாதி புரிஞ்சுது. மீதிய நாளைக்குச் சொல்லுங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

அது வழக்கமாகிப் போனது. அவர் டீ போடுவார், மூன்று பேரும் குடிப்பார்கள், அப்புறம் நடை. மருந்துக் கடையிலிருந்து வாசல் வரைக்கும் ஒரு கேள்வி. மவுஸுக்கு ஏன் வால் போய்விட்டது, பாஸ்வேர்டை ஏன் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடிவதில்லை, உங்கள் ஆபீஸில் ஏன் பெரியவர்களுக்கு விளையாட்டு மேஜை வைத்திருக்கிறார்கள். கடைசிக் கேள்விக்கு, "பெரியவங்க வீட்டுக்குச் சீக்கிரம் போயிடக் கூடாதுன்னு வெச்சிருப்பாங்க" என்றார். அவள் சிரித்தாள். இரண்டாவது வாரத்தில் ஒருநாள் போனை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தார், யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. வலித்தது, ஆனால் முதல் நாள் வலித்த அளவுக்கு இல்லை.

லீவின் கடைசி வெள்ளிக்கிழமை அவள் பள்ளிக்கூட வாசலில் நின்று கேட்டாள்.

"கம்ப்யூட்டருக்குப் போர் அடிக்குமாப்பா?"

"யோசிச்சு திங்கட்கிழமை சொல்றேம்மா" என்றார்.

திங்கட்கிழமை வந்தது. பழகின கால் யாரையும் கேட்பதில்லை. பழைய நேரத்துக்கு எழுந்து, பழைய நேரத்துக்குக் குளித்து, தூங்குகிற இருவரையும் எழுப்பாமல் ஸ்கூட்டரை வெளியே தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டார். பயம் வேறு. இன்றைக்குத் தீர்ப்பு.

ஆபீஸில் ஒரு ஈ காக்கை இல்லை. மேஜைக்கு அடியில் குனிந்தார். தாத்தாவின் திரையில் அவர் போன அன்றைக்கு ராத்திரி நின்ற வரி அப்படியே நின்றது. அதன் முனையில் ஒரு சின்னக் கோடு மின்னி மின்னி மறைந்தது. ஆக, இரண்டு வாரமாகக் காலை நிலவரம் போகவே இல்லை. பதறிப்போய் மெயிலைத் திறந்தார். எங்கே, ஏன் வரவில்லை, என்ன ஆயிற்று என்று ஒரு மெயில், ஒரே ஒரு மெயில் வந்திருக்காதா என்று தேடினார். நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று ஒன்று வந்திருந்தது.

"சீக்கிரமே வந்துட்டீங்களா?"

மேலாளர் கையில் காபியுடன் நின்றிருந்தார். அச்சாணி பூசி மெழுகவில்லை.

"மேடம், ரெண்டு வாரமா காலை நிலவரம் வரல. யாருமே கேக்கலையா?"

"அப்படின்னா?"

"தினமும் காலையில வருமே மேடம். எல்லா சர்வரும் எப்படி இருக்குன்னு."

மேலாளர் தன் போனை எடுத்துத் தேடினார். கொஞ்ச நேரம் கழித்துத் திரையைத் திருப்பிக் காட்டினார். ஒரு ஓரத்தில், தானாகவே போய் விழுகிற ஒரு பிரிவில், காலை நிலவரங்கள் அடுக்கடுக்காகக் கிடந்தன. ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை.

"ஐ.டி.யில இருந்து வர்றதெல்லாம் இதுக்குள்ள போயிடும். நான் சேர்ந்தப்பவே இப்படி அமைச்சுக் குடுத்தாங்க. இதே விவரம்தான் ஹால்ல பெரிய திரையில ஓடுதே" என்றார் மேலாளர். பிறகு அச்சாணியின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். "வருத்தப்படாதீங்க."

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடாது என்று அவருக்கும் தெரியும். தெரிவது வேறு, பார்ப்பது வேறு. எத்தனை காலைகள் என்று எண்ணப் போனார். எண்ண வேண்டாமென்று விட்டுவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க மேடம். எனக்குக் கூச்சல் டெஸ்ட்தானே வெச்சீங்க?"

மேலாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு வகையில அதுதான். ஒரே ஆளை நம்பி ஒரு கம்பெனி இருந்தா, தப்பு அந்த ஆள்மேல இல்ல, கம்பெனிமேல. நீங்க இல்லாம தாங்குதான்னு பாத்தேன். தாங்கிடுச்சு. நீங்க அவ்வளவு ஒழுங்கா செஞ்சு வெச்சிருக்கீங்க."

"அப்போ கேக்?"

"என்ன கேக்?"

"ஒண்ணுமில்ல மேடம்."

வேலை போகவில்லை. நிம்மதியாக இருக்க வேண்டும், இருந்தது. ஆனால் அந்த நிம்மதிக்கு அடியில் ஒரு பள்ளம் இருந்தது. வாழ்நாளெல்லாம் தன்னைப் பிடித்துக்கொண்டுதான் இந்தக் கட்டிடம் நிற்கிறது என்றிருந்தவருக்கு, விட்டுவிட்டாலும் நிற்கும் என்று தெரிந்தால் கையை எங்கே வைப்பதென்று தெரியாதல்லவா. பழக்கதோஷத்தில் தாத்தாவின் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனார்.

அப்போது போன் அடித்தது. இரண்டு வாரம் தவம் கிடந்தும் அடிக்காத போன். வீட்டு நம்பர்.

"அப்பா! எங்க போனீங்க?"

காதைப் பிளக்கிற சத்தம். மேலாளர்வரை கேட்டது.

"ஆபீஸ்மா. லீவு முடிஞ்சுடுச்சுல்ல."

"சொல்லாம கொள்ளாம போயிடுவீங்களா? திங்கட்கிழமை சொல்றேன்னுதானே சொன்னீங்க? நான் ஷூ போட்டுட்டு நிக்கறேன். அம்மாவும் டீ போடாம உக்காந்திருக்காங்க. நீங்கதான் போடுவீங்கன்னு."

பின்னாலிருந்து மனைவியின் குரல் கேட்டது. "நான் ஒண்ணும் உக்காந்திருக்கலன்னு சொல்லு." அப்புறம் கொஞ்சம் இறங்கிய குரலில், "வரச் சொல்லு."

"அங்கயே நில்லும்மா. கிளம்பிடாத" என்று மட்டும் சொன்னார்.

குனிந்து தாத்தாவின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினார். உறுமல் அடங்கியது. எங்கேயும் ஒரு சத்தமும் எழவில்லை. ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"இப்பதானே வந்தீங்க, எங்க கிளம்பிட்டீங்க?" என்றார் மேலாளர்.

"கூச்சல் வந்துடுச்சு மேடம்" என்று சொல்லிவிட்டு அச்சாணி படியிறங்கினார்.