பல் உடம்பில் சேராது

அட்டைப்பெட்டிக் கம்பெனியில் அவளை எல்லோரும் இன்சூரன்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கம்பெனி எடுத்துக் கொடுத்திருக்கும் குரூப் பாலிசியில் எதற்குப் பணம் வரும், எதற்கு வராது என்பது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். முப்பத்தெட்டுப் பக்கம். எழுதின மகராசனே அத்தனை தடவை படித்திருக்க மாட்டான்.

ஒருநாள் மத்தியானம் கட்டிங் மெஷின் ஆபரேட்டர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவள் மேஜை முன்னால் வந்து நின்றார். கடைவாய்ப் பல்லில் சீழ். வேர்வரை சுத்தம் செய்ய பல் டாக்டர் கேட்ட தொகை அவருடைய ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. குரூப் பாலிசியில் வருமா என்று கேட்டார். வராது என்றாள். குடலிலிருந்து குதிகால்வரை எல்லாவற்றுக்கும் உண்டு, பல் மட்டும் உடம்பில் சேராது. சரி, பல்லுக்கென்று சொந்தமாகத் தனி பாலிசி எடுத்தால்? எடுக்கலாம், ஆனால் முதல் ஆறு மாதம் ஒன்றும் கிடைக்காது, எடுப்பதற்கு முன்பே கெட்டுப்போன பல்லுக்கு என்றைக்குமே கிடையாது. நல்ல பல்லுக்குத்தான் வைத்தியம் பார்ப்பார்களாம். என்ன நியாயமோ.

அவர் முகத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு மனசு கேட்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணே, பல்லுன்னு போனா ஒண்ணும் வராது. அதே சீழ் பரவி முகம் வீங்கி, காய்ச்சலோட ஆஸ்பத்திரியில சேர்ந்தா முழுசும் வரும். கொஞ்சம் பொறுத்துப் பாருங்க."

ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாகத்தான் நினைத்தாள், பைத்தியக்காரி.

அவரும் பொறுத்தார். மாத்திரை போட்டால் வீக்கம் வற்றிவிடுமே என்று அதையும் நிறுத்திவிட்டார். ஐந்தாம் நாள் மெஷின் பக்கத்திலேயே மூச்சுத் திணறி விழுந்தார். சீழ் கழுத்துக்குள் இறங்கியிருந்தது. தொண்டையில் துளை போட்டுத்தான் உயிரைப் பிடித்து நிறுத்தினார்கள்.

அடுத்த பதினொரு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வாய் சும்மா கிடந்திருக்கக் கூடாதா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பாலிசி எழுதினவர்களையும் விட்டுவைக்கவில்லை. அவர்களுக்கு அது கேட்கவா போகிறது. அவருடைய பெண்டாட்டி காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று முடிவுகட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

கழுத்தில் குழாயோடு படுத்திருந்தவர் அவளைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார். பேச்சு வரவில்லை. பழைய குரல் திரும்புமா என்று டாக்டராலேயே சொல்ல முடியவில்லையாம். அவள் வாயைத் திறக்குமுன் அவர் மனைவி எழுந்து வந்து அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க சொன்னபடியேதான் அக்கா. ஒத்தப் பைசா நாங்க கட்டல."

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே சொன்னாள்.

"என் தம்பியும் நம்ம கம்பெனியிலதான், லோடிங்ல இருக்கான். அவனுக்கும் நாலு நாளா பல்லு வலி. டாக்டர்கிட்ட கிளம்பிட்டான். நான்தான் தடுத்து வெச்சிருக்கேன். இவரு மாதிரி கழுத்துவரைக்கும் விடமாட்டேன் அக்கா. கன்னம் மட்டும் நல்லா வீங்கட்டும், உடனே சேர்த்துடறேன்."