பாலத்தில் செத்த கொடிக்காரர்

தென்மேற்கு ஜெர்மனியின் சிறு நகரம் ஒன்றில் ஒவ்வொரு கோடையும் ஒரு கவிதை நாடகம் போடுவார்கள். 1849இல் குடியாட்சி கேட்டு எழுந்த ஊர்க்காரர்கள், ஆற்றுப் பாலத்தில் பிரஷ்யப் படையை எதிர்த்து நின்று தோற்ற கதை. போன வருடம், கொடி பிடித்தபடி சாகிறவருக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. நாடகத்தை நடத்தும் ஓய்வுபெற்ற ஆசிரியர் பெண்டர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்யும் அன்ரனிடம் வந்து கேட்டார். அன்ரன் உடனே சம்மதித்தார். இத்தனை வருடத்தில் அந்த ஊரில் யாரும் அவரை எதற்கும் கேட்டதில்லை.

மனைவி தேவமலருக்கு நம்ப முடியவில்லை.

“ஊரில ஒருத்தற்ற படையிலயும் சேர ஏலாதெண்டு ஓடிவந்த மனுசன், இஞ்ச வந்து வெள்ளைக்காரற்ற சண்டையில சாகப் போறியளோ?”

“இது நாடகமப்பா.”

“அங்கையும் ஆள் சேர்க்க முதல்ல நாடகம்தான் போட்டவை.”

சாவதற்கு முன் அன்ரனுக்கு எட்டு வரி இருந்தது. சூப் கிண்டும்போதும் பஸ்ஸிலும் சொல்லிச் சொல்லி, பெண்டருக்கே திருத்த ஒன்றும் இல்லாதபடி பாடமாக்கினார். பீரங்கி வெடிக்க நகரசபை நாடக நாளுக்கு மட்டும்தான் அனுமதி கொடுத்திருந்தது. அதனால் ஒத்திகையில் பெண்டர் வாயால் “பூம்” என்பார். அன்ரன் அழகாகச் சரிவார்.

நாடக நாளில் அவர் முதல் வரியை முடித்ததுமே பீரங்கி அவசரப்பட்டு வெடித்தது. குண்டு போடும் பொம்மர் விமானம் வந்தால் எப்படிப் படுப்பது என்று யாழ்ப்பாணத்தில் படிக்கிற காலத்தில் பழக்கியிருந்தார்கள். அப்படியே குப்புற விழுந்து, முழங்கையை ஊன்றி, காதைப் பொத்தி, வாயைத் திறந்து வைத்துக்கொண்டார். கொடி முதுகில் விழுந்தது.

அது எந்த நாட்டுப் பாலம் என்று நினைவு வரச் சற்று நேரம் எடுத்தது. எழும்பப் பார்த்தார். பக்கத்தில் ஏற்கெனவே செத்துக் கிடந்த தபால்காரர், “அசையாதீர்கள், நீங்கள் செத்துவிட்டீர்கள்,” என்று கிசுகிசுத்தார். மிச்ச ஏழு வரியையும் அன்ரன் பாலத்துப் பலகைக்கே சொல்லி முடித்தார். ஒரு சொல்லும் பிசகவில்லை. பிரஷ்யர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள்.

முடிந்ததும் நகரபிதா கைகுலுக்கினார்.

“இவ்வளவு உண்மையாக விழ எங்கே கற்றுக்கொண்டீர்கள்?”

“பள்ளிக்கூடத்தில்.”

“உங்கள் நாட்டில் பள்ளியிலேயே நடிப்புச் சொல்லித் தருகிறார்கள். இங்கேயும் அது வேண்டும்.”

தேவமலர் அவருடைய சட்டைத் தூசியைத் தட்டிவிட்டாள்.

“காது அடைச்சுப்போச்சோ?”

“ஓம். கொஞ்சம்.”



குளிர்காலத்தில் பெண்டர் அன்ரனின் வீட்டுக்கு வந்தார். விழுந்த விதமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டதால் வரும் வருடம் அந்த எட்டு வரியும் வேண்டாம், வெடியும் விழுதலும் போதும் என்றார். அன்ரன் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு, வரி இல்லையென்றால் தான் வரவில்லை என்றார். எந்தச் சண்டைக்கும் நிற்காத மனிதர், இதில் அசையவில்லை. நாடகக் குழு இரண்டு தடவை கூடிப் பேசியது. கடைசியில் நாலு வரிக்கு உடன்பட்டார்கள். எந்த நாலு என்பதை அன்ரனே தெரிவுசெய்யலாம். வெடி கட்டாயம் அதற்குப் பிறகுதான்.