பெயர் போடாத செய்தி

தொண்ணூற்றொன்பதில் கம்ப்யூட்டரில் பழகிக் கெட்ட பெண் இல்லாத ஞாயிறு பதிப்பு விற்காது. பெண் கிடைத்தால் தலைப்புச் செய்தி, கிடைக்காத வாரம் ஓர் எச்சரிக்கைக் கட்டுரை.

இந்த வாரம் பெண் கிடைத்திருந்தாள். ஓய்வுபெற்ற தலைமைக் குமாஸ்தா கனகசுந்தரத்தின் மகள். கம்ப்யூட்டர் சேட்டில் மூன்று மாதம் பேசியவனைப் பார்க்கப் போனாள். அவன் அவள் கழுத்துச் சங்கிலியோடு மறைந்துவிட்டான். நிருபர் சவுந்தரம்தான் விசாரித்து எழுதினாள். ஆனால் ஆசிரியர் தியாகராஜாவும் கனகசுந்தரமும் ஒரே கோயில் கமிட்டி. நம்ம சனத்துப் பிள்ளை, பெயர் கெடக் கூடாது, ஏதாவது ஒரு தோட்டத் தொழிலாளி வீட்டுப் பெண்ணாக மாற்றிவிடு, படிக்கிறவனும் நம்புவான் என்றார் அவர். சவுந்தரமும் தோட்டத்தில் பிறந்தவள்தான், அவள் வீட்டில் முதல் பட்டதாரி. பல்லைக் கடித்தாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அன்று காலை தட்டெழுதிய பள்ளி விளையாட்டுப் போட்டிச் செய்தியில் இருந்த ஊர் கைக்கு வந்தது: பைராம் தோட்டம். மற்றதைத் தானே சேர்த்தாள்: இருபது வயது, ஜுருவில் தொழிற்சாலை வேலை. பெயர் போடவில்லை. அதனால் யாருக்கும் கெடுதலில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பீட்டர் என்பவன் பைராமிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தான். படியேறி வந்து, ஹெல்மெட்டை அவள் மேசைமேல் பதமாக வைத்தான். தோட்டத்தில் ஜுரு பஸ் ஏறுகிற பெண்கள் மூன்றே பேர், அதில் இருபது வயது தன் தங்கை லீனா ஒருத்திதான் என்றான். அவளை வேலையிலிருந்து நிறுத்தி அறையில் போட்டுப் பூட்டியாயிற்று. அப்பா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. பாராங் கத்தியைத் தீட்டிக் கதவோரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இதையெல்லாம் அவன் குரல் உயர்த்தாமல் சொன்னான்.

"அவன் யாருன்னு மட்டும் சொல்லுங்கக்கா. மத்தத நாங்க பாத்துக்கிறோம் லா."

"தம்பி, அது உன் தங்கச்சி இல்ல. தோட்டத்துப் பேரை நான்தான் சும்மா போட்டேன்."

பீட்டர் சிரித்தான். "பேப்பர்ல சும்மா போடுவாங்களா? நீங்க படிச்சவங்க. அவளக் காப்பாத்தப் பாக்கிறீங்க. நல்ல மனசு."

தானே வந்து அப்பாவிடம் சொல்கிறேன் என்றாள். வேண்டாம் என்றான். பேப்பர்க்காரி வீட்டு வாசலில் வந்து நின்றால், லீனாதான் அது என்று லயத்து வீடுகளுக்கெல்லாம் உறுதியாகிவிடுமாம்.

அவனைக் கீழே நிற்கச் சொல்லிவிட்டு ஆசிரியரிடம் போனாள். திருத்தம் போடச் சொன்னாள்.

"போடலாமே," என்றார் தியாகராஜா, கண்ணாடியைத் துடைத்தபடி. "பைராம் தோட்டத்து லீனா அல்ல எண்டு போடட்டே?"

"உண்மையப் போடுங்க."

"கனகசுந்தரத்தின்ர பிள்ளைக்குத் தையில கல்யாணம், தெரியும்தானே?"

"லீனாவுக்கு என்ன தையில?"

தோட்டத்து ஆட்கள் நாலு நாளில் மறந்துவிடுவார்கள் என்று சொல்லிவிட்டு அவர் தொலைபேசியை எடுத்தார். நாலு நாளில் எது மறக்கும், எது மறக்காது என்று சவுந்தரத்துக்குத் தெரியும். அவள் பிறந்த தோட்டத்தில் முன்பொருமுறை இப்படிப் பூட்டிய அறையைத் திறந்தபோது உள்ளே இருந்தவளை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

கீழே வெயிலில் பீட்டர் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றிருந்தான்.

"அவ இல்லன்னா வேற யாருக்கா? ஒரு பேரு கொடுங்க. வெறுங்கையோட போனா அப்பா நம்ப மாட்டாரு."

"நான் சொன்னா லீனாவ வெளிய விடுவீங்களா?"

"விடுவோம்."

"கனகசுந்தரம்னு ஒருத்தர். அவரோட மக."

அவன் உதட்டுக்குள் அந்தப் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்தான். பிறகு ஹெல்மெட்டை மாட்டினான்.

"வீடு எங்க?"

"எதுக்கு?"

"அப்பாவக் கூட்டிட்டு வரணும். அந்தப் பொண்ணு வாயாலேயே சொல்லட்டும். எங்க ஆளுங்களும் நாலு பேரு வருவாங்க, சாட்சிக்கு."

கனகசுந்தரத்தின் மகள் நேற்றுக்கூட அலுவலகத்துக்குப் போன் செய்து, யாருக்கும் தெரியாதுதானே அக்கா என்று கேட்டிருந்தாள்.

"கிரீன் லேன்," என்றாள் சவுந்தரம். "மூணாவது சந்து. பச்சை கேட்டு போட்ட வீடு."