சாக்குக்குள் சைக்கிள்

மடித்தால் பை, விரித்தால் வண்டி என்று சொல்லித்தான் கடைக்காரன் அந்தச் சைக்கிளை என் தலையில் கட்டினான். அவன் நாசமாய்ப் போக! இல்லை, அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஊரான் பேச்சைக் கேட்ட என் புத்தியைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

குழித்துறை ஸ்டேஷனிலிருந்து என் பள்ளிக்கூடம் எட்டாக்கை. பஸ் தனக்குத் தோன்றினால் வரும். நான் அங்கே தற்காலிக டீச்சர். "ஷைஜா டீச்சரே, திங்கக்கிழமை முடிவெடுக்கப் போறேன். அன்னைக்கும் பஸ் வரல்லன்னு சொன்னா நிரந்தரத்த மறந்திருங்க" என்று தாளாளர் முத்துநாயகம் சொல்லிவிட்டார்.

"இனி சைக்கிள் உண்டு சார். மணியடிக்கதுக்கு முன்ன கேட்டுல நிப்பேன்" என்று நானும் வீறாப்பாகச் சொன்னேன்.

திங்கட்கிழமை காலை நாகர்கோவில் ஸ்டேஷனில் சைக்கிளை மடித்து வைத்துக்கொண்டு நின்றேன். பொன்னுலிங்கம் அண்ணாச்சி அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். கோட்டாறு சந்தையில் சேனைக்கிழங்கு வாங்கி இரணியலுக்குக் கொண்டுபோகிறவர். தினமும் எங்கள் பெட்டிதான்.

"மக்கா, சைக்கிள வச்சிட்டு ஏறப்பிடாது. டிடிஆர் கண்டா இறக்கி விட்டிருவாரு."

"மடிச்சா கொண்டுபோலாம் அண்ணாச்சி. கேட்டுட்டுதான் வாங்கினேன்."

"அவருகிட்ட நின்னு நியாயம் பேசதுக்குள்ள வண்டி போயிரும். எனக்க சாக்கு ஒண்ணு தாறேன், உள்ள போட்டு கெட்டு. சேனைன்னு நெனச்சு ஒருத்தனும் கேக்க மாட்டான்."

ஒருத்தனும் கேட்கவில்லை. டிடிஆர் ஏறவே இல்லை, அது வேறு விஷயம். என் சாக்கு அவருடைய சாக்குகளோடு கதவருகே கிடந்தது.

இரணியலில் வண்டி நின்றதும் கிளம்பிவிடும். அதனால் எங்கள் பெட்டியில் ஒரு பழக்கம். யார் சரக்கு என்று யாரும் கேட்பதில்லை. கதவருகே நிற்பவர்கள் கை மாற்றிக் கை மாற்றி இறக்கிவிடுவோம். அண்ணாச்சி கீழே குதித்தார். மீன் விற்கப் போகும் இசபெல் அக்கா எடுத்துத் தர, நான் வாங்கி அவரிடம் கொடுத்தேன். ஒரு சாக்கு என் காலில் நறுக்கென்று குத்தியது.

"சேனையா இரும்பா அண்ணாச்சி? காலு போச்சே!"

"நல்ல வெளஞ்ச சேனை மக்கா, அப்பிடித்தான் இருக்கும்! தா, தா, வண்டி எடுத்தாச்சு!"

ஒரே ஒரு சாக்கு பெட்டியில் மிச்சமிருந்தது. என்னுடையது என்று காலால் அணைத்துக்கொண்டேன்.

குழித்துறையில் அதை இறக்கி, ரோட்டோரம் வைத்துக் கட்டை அவிழ்த்தேன். ஒரு சேனை உருண்டு வந்து என் செருப்பில் இடித்து நின்றது. கையை உள்ளே விட்டுத் துழாவினேன். சேனைக்குக் கீழேயும் சேனை.

அடி பாவி மட்டை! என் சைக்கிளை என் கையாலேயே இறக்கிவிட்டு, அதன் பெடல் குத்தியதற்கு அந்த மனுஷனை ஏசவும் செய்திருக்கிறேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

சாக்கை அங்கேயே போட்டுவிட்டு ஓடியிருக்கலாம். பாடுபட்டுப் பிழைக்கிறவர் சரக்கு, மனசு கேட்கவில்லை. ஆட்டோ கிடைத்துப் போய் இறங்கியபோது பிரார்த்தனை முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். கேட்டில் தாளாளர் நின்றார்.

"சைக்கிள் எங்க டீச்சர்?"

"இரணியல்ல இறங்கிட்டு சார்."

"அது தானாட்டா இறங்கிச்சு?"

"நான்தான் இறக்கினேன். தெரியாம."

அவர் குனிந்து சாக்கைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"சேனை கொண்டு தந்தா நிரந்தரம் ஆக்கிருவேன்னு எவன் சொன்னான்? இன்னைக்கு வர கைக்கூலி தொடாத கை இது!"

"அய்யோ சார், இது உங்களுக்கு இல்ல!"

"அப்ப இந்தப் பள்ளிக்கூடத்துல வேற யாருக்கு?"

வாயைத் திறந்தால் குழி ஆழமாகிக்கொண்டே போனது. சுடிதாரைக் கொஞ்சம் உயர்த்தி, பெடல் குத்தி ரத்தம் கட்டியிருந்த காலைக் காட்டினேன். சைக்கிள் உண்டு என்பதற்கு என்னிடம் இருந்த சாட்சி அது ஒன்றுதான்.

அவர் பதறி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சாக்க எடுத்துட்டு வீட்டுக்குப் போங்க டீச்சர்."