மேட்டு நிலத்து மண்

செல்வகுமாரியால் முதலில் நம்ப முடியவில்லை. செருப்பைக் கரையில் கழற்றிப் போட்டுவிட்டு நிலத்துக்குள் காலை வைத்தாள். கணுக்கால் வரை மெத்தென்று புதைந்தது. கல்யாணமாகி மடுகரைக்கு வந்த நாளிலிருந்து இந்த நிலத்தில் கால் வைத்தால் சரளைதான் குத்தும். மல்லாட்டைக் கடலை போட்டால் செடி பிழைக்கும், காய் பிடிக்காது. இரவெல்லாம் கொட்டித் தீர்த்த மழையில் இருந்ததும் போயிருக்கும் என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு ஓடி வந்தவள் முன்னால், வரப்புக்கு வரப்பு கருகருவென்று மண் பரந்து கிடந்தது. ஒரு பிடி அள்ளி முகர்ந்தாள். ஆட்டுப் புழுக்கை வாசம். யார் வீட்டு மண் என்று அப்போதே தெரிந்துபோயிற்று. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

மேலே இருப்பது மணவாளனின் நிலம். அவள் புருஷன் குமரவேலுக்கு அவர் பெரியப்பா மகன். பங்கு பிரித்ததிலிருந்து கோடைதோறும் வரப்பைச் சீர்செய்கிறேன் என்று மண்வெட்டியோடு வந்துவிடுவார். தன் பக்கத்தில் ஆழமாகச் செதுக்குவார், இவள் பக்கத்தில் கொஞ்சமாக அப்புவார். பார்க்கிறவர்களுக்கு வரப்பு இருந்த இடத்திலேயே இருக்கிற மாதிரிதான் தெரியும். ஆனால் அது வருஷா வருஷம் ஒரு சாண் இவள் நிலத்துக்குள் இறங்கி வந்தது; இறங்க இறங்க மெலிந்தும் போனது. எல்லைக் கல் எங்கே என்று ஒருமுறை கேட்டதற்கு, எவனோ பேர்த்துக்கொண்டு போய்விட்டான் என்று வாய் கூசாமல் சொன்னார். குமரவேலிடம் முறையிட்டால், சேதராப்பட்டு கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்த அலுப்பில், "வுடு, பங்காளிக்குள்ள இன்னாத்துக்கு" என்று திரும்பிப் படுத்துக்கொள்வான்.

அந்த மணவாளன்தான் இந்த வருஷம் மார்கழிப் பட்டத்துக்காக ஏரி வண்டல் அடித்து, ஆட்டுக் கிடை போட்டு, மண்ணைப் புழுதியாக உழுது வைத்திருந்தார். பிடித்து நிறுத்த ஒரு புல் வேர்கூட இல்லாத மண். மேலே தேங்கிய தண்ணீர் மெலிந்த வரப்பைத் தள்ளிப் பார்த்திருக்கிறது. வரப்பு வழி விட்டுவிட்டது.

"ஏய், அது என் மண்ணு!"

உடைப்பின் ஓரத்தில் மணவாளன் நின்றிருந்தார். தோளில் மண்வெட்டி, கையில் மண் அள்ளும் பாண்டு, முகத்தில் கொலை வெறி.

"இன்னா மாமா, காலையிலயே?"

"சிரிக்காத செல்வி. வண்டலு எம்மாம் அடிச்சன் தெரியுமா? டிராக்டர் இட்டாந்து அத்தினியும் அள்ளிகினு போவப் போறேன்."

"அள்ளுங்க. உங்க மண்ணு எது, என் மண்ணு எதுன்னு பார்த்து, உங்களுத மட்டும் அள்ளுங்க."

அவர் நிஜமாகவே இறங்கி ஒரு பாண்டு நிறைய அள்ளித் தலையில் வைத்துக்கொண்டார். உடைப்பில் ஏறும்போது கால் வழுக்கி, பாதி மண் அவர் மேலேயே கொட்டியது. செல்வகுமாரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து மழை மறுபடி இறங்கியது. சாரல், தூறல் என்ற மரியாதையெல்லாம் இல்லை, எடுத்த எடுப்பிலேயே சரம் சரமாக. மேட்டு நிலம் ஏற்கெனவே குடித்து நிறைந்திருந்ததால் விழுந்த தண்ணீர் முழுவதும் உடைப்பைத் தேடி ஓடி வந்தது. முதலில் வண்டல் கலங்கிக் கறுப்பாக வந்தது, பிறகு மணல், அப்புறம் கூழாங்கற்கள் கடகடவென்று உருண்டன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் அவள் நிலத்தைக் குறுக்கே கடந்து, கீழ் வரப்பை அறுத்துக்கொண்டு ஓடையில் குதித்தது.

அவளுக்குச் சிரிப்பு நின்றது. குதித்த இடத்தில் குழி விழுந்தது. குழியின் அடி கரைய, மேல் விளிம்பு தொப்பென்று சரிந்தது. சரிந்ததை ஓடை வாரிக்கொண்டு போக, அடுத்த விளிம்பு சரிந்தது. தண்ணீர் கீழே போகப் போகக் குழி மேலே ஏறி வந்தது, அவளை நோக்கி. விட்டால் வந்த மண்ணும் போய், இருந்த மண்ணும் போய், நிலமே ஓடையாகிவிடும். பயம்தான், ஆனாலும் உடம்பெல்லாம் ஒரு வேகம் பிடித்துக்கொண்டது.

"மாமா, மேல அடைச்சாத்தான் கீழ நிக்கும்!"

மோட்டார் கொட்டகைக்கு ஓடி யூரியா சாக்குகளை அள்ளி வந்தாள். அவர் வெட்டிப் போட, அவள் சாக்கு வாயைப் பிடித்தாள். யார் மண் என்று யாரும் கேட்கவில்லை. முதல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இருவரும் உடைப்புக்கு ஏறியபோதுதான் அது கண்ணில் பட்டது.

தண்ணீர் மணவாளன் நிலத்துக்குள்ளும் பறித்துக்கொண்டு ஏறியிருந்தது. அங்கே, வரப்பிலிருந்து நாலைந்து எட்டு உள்ளே, பறிபட்ட பள்ளத்தின் நடுவில் எல்லைக் கல் தலையை நீட்டிக்கொண்டு நின்றது. எத்தனையோ வருஷத்து மண்ணைத் தண்ணீர் கழுவிவிட்டதில் பளிச்சென்று இருந்தது. அதன் இரண்டு பக்கமும் தண்ணீர் பிரிந்து ஓடியது.

மணவாளன் அதைப் பார்க்காதவர் மாதிரி, மூட்டையை உடைந்த வரப்பிலேயே இறக்கப் போனார். செல்வகுமாரி தன் முனையை விடவில்லை.

"இங்க இல்ல மாமா. கல்லாண்ட."

"பேச்சு வளக்குற நேரமா இது? மண்ணு போவுது பாரு!"

"போவட்டும். அதுல பாதி உங்களுது."

கீழே இன்னொரு விளிம்பு விழுந்த சத்தம் கேட்டது. போனது அவள் நிலம். ஆனாலும் அவள் அசையவில்லை. மழைத்தண்ணீர் அவர் மூக்கு நுனியில் வழிந்தது. அவர் கல்லைப் பார்த்தார், ஓடைக்குப் போகிற கறுப்புத் தண்ணீரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"புடி கெட்டியா," என்று உறுமிவிட்டுக் கல் பக்கம் திரும்பினார்.

அதற்குப் பிறகு இருவருக்கும் மூச்சு விட நேரமில்லை. கல்லை ஒட்டி ஒன்று, அதன் பக்கத்தில் ஒன்று, மேலே ஒன்று. இரண்டு மூட்டைகளைத் தண்ணீர் உருட்டிக்கொண்டு போனது. விரட்டிப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். கடைசி மூட்டை உட்கார்ந்ததும் உடைப்பில் இரைச்சல் குறைந்தது. கீழே குழி, அவள் நிலத்தில் பாதி தூரம் ஏறி நின்றுவிட்டிருந்தது. மேல் பாதியில் கறுப்பு மண் அப்படியே கிடந்தது. செல்வகுமாரி "ஓ" என்று கத்தினாள், சின்னப் பிள்ளை மாதிரி. எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மழை தூறலானது. இருவரும் மூட்டைகள் மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். அடி மூட்டை ஒன்று ஓரத்தில் கிழிந்திருந்தது. அதிலிருந்து கறுப்பு மண் நூல் பிடித்த மாதிரி கசிந்து, அவள் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது. இருவருமே பார்த்தார்கள். மணவாளன் மெல்லக் காலை நீட்டிக் கிழிசலைக் குதிகாலால் அடைத்தார். கொஞ்ச நேரத்தில் பக்கத்து மூட்டையிலிருந்து இன்னொரு நூல் புறப்பட்டது. அவருக்குக் கால் எட்டவில்லை. செல்வகுமாரிக்கு எட்டும். அவள் காலை எடுத்தாள், வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.