முனிக்கு இறக்கிய சேவல்

செபநாயகத்தை முனி அடித்துவிட்டது என்று நீர்வேலி முழுக்கக் கதை. தேத்தண்ணிக் கடையிலும் அதுதான், செத்தவீட்டில் பாயில் இருந்தவர்களிடமும் அதுதான். உச்சிப்பொழுதில் வெள்ளை உருவம் ஒன்று, வாழைகளுக்கு மேலால் தலை தெரியும் உயரத்தில் நடந்து வந்து கிணற்றுக்குள் எட்டிப் பார்த்ததாம். கண்டது ஆர் என்று கேட்டேன். ஒருவருமில்லை. எல்லாருக்கும் வேறு ஆரோ சொன்னது.

அன்று கிணற்றடியில் நின்றவன் நான். கோடையில் தண்ணீர் கீழே போய்விட்டால் மேலே வைத்த இறைப்பு மிசினால் இழுக்க ஏலாது. மிசினைக் கயிறு கட்டி இறக்கி, பாதிக் கிணற்றில் உள்ள கல்லுத்தட்டில் வைத்து ஓடவிடுவோம். இராசநாயகம் ஐயாவின் வாழைத்தோட்டத்தில் வருசா வருசம் அப்படித்தான். குழாய் கழன்றுவிட்டது என்று செபநாயகம் மிசின் ஓட ஓட இறங்கினான். தட்டில் கால் வைத்தவன் ஒருக்கால் என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு சரிந்து தண்ணீருக்குள் விழுந்தான்.

மரண விசாரணைக் கடதாசியை அவன் பெண்சாதி ஜெசிதா என்னிடம் தந்தாள். நாற்பது வயதுக்குப் பிறகு எழுத்துப் படித்தவன் நான். விரல் வைத்துத்தான் வாசிப்பேன். 'இயந்திரப் புகையைச் சுவாசித்தமை' என்று இருந்தது. திரும்பவும் மேலிருந்து வாசித்தேன். முனி ஓரிடத்திலும் இல்லை.

ஐயா கடதாசியைக் கையால் தொடவும் இல்லை.

"அவன் வேதக்காரன். மாதாவைக் கும்பிட்டிட்டு, முனிக்கு ஒரு வெத்திலை கூட வைக்காமல் இறங்கினவன். நான் என்ன செய்ய?"

செத்தவன் மேலேயே பழி.

முப்பத்தோராம் நாள் கழிந்த கிழமை அதே கிணறு, அதே மிசின். கீழே ஓடிக்கொண்டிருந்தது. இந்தமுறை ஐயா வெற்றிலை, கற்பூரம், கால் கட்டிய சேவல் எல்லாம் கொண்டு வந்திருந்தார். குழாயைச் சரிபார்க்க இறங்கக் கூப்பிட்டிருந்தது ஆரை? செபநாயகத்தின் தம்பி ஜெனிஸ்ரனை. இரண்டு குழந்தைகளின் தகப்பன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு நின்றான்.

"இறங்காதை" என்றேன்.

"ஐயா படையல் வைக்கிறார்தானே அண்ணை. ரண்டு கிழமையா எனக்கு வேலை இல்லை."

"உன்ரை கொண்ணனைக் கொண்ட மிசின் உது!"

"விசர்க்கதை கதையாதை நாகலிங்கம்" என்றார் ஐயா. "நாலு எழுத்துப் படிச்ச உடனை டொக்டராயிட்டியே? இத்தனை வருசமா உந்த மிசின் உள்ளைதானே ஓடுது?"

"ஓம், ஓடுது. ஓடேக்கை நீங்கள் ஒருநாள் இறங்கியிருக்கிறியளே?"

அவர் வாய் திறக்க முன்னம் சேவலைப் பறித்தேன்.

"முனிக்குத்தானே? அவரின்ரை கையிலையே குடுப்பம்."

வாளிக்குள் வைத்து மிசின் மட்டத்துக்கு இறக்கினேன். சேவல் அடித்துக்கொண்டது. ஒரு பீடி எரியும் நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன். வாளி அசையாமல் போனது. இழுத்தேன். கழுத்து விளிம்பில் தொங்கியது. ஒரு துளி தண்ணீர் படவில்லை, ஒரு கீறல் இல்லை.

இனி விளங்கும் என்று நினைத்தேன். இராசநாயகம் ஐயா கிணற்றைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"பார்த்தியளே! பலியை எடுத்திட்டார். இனிப் பயமில்லை. இறங்கடா ஜெனிஸ்ரன்!"

வாளியால் அவர் மண்டையில் போடக் கை உன்னியது. ஆனால் ஜெனிஸ்ரன் குனிந்து சேவலின் கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். உயிரோடு இருந்தபோதைவிட அது சிவந்திருந்தது.

"பெட்டிக்குள்ளை அண்ணையின்ரை உதடும் இப்பிடித்தான் சிவந்து கிடந்தது" என்றான்.

இடுப்புக் கயிற்றை அவிழ்த்து ஐயாவிடம் நீட்டினான்.

"முனி சாப்பிட்டிட்டார்தானே ஐயா. இப்ப பசியில்லாமல் இருப்பார். நீங்கள் இறங்குங்கோ."

ஐயா கயிற்றைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார். ஒரு அடி பின்னுக்குப் போனார்.

"வாழை காயுதடா."

"காயட்டும்" என்றேன்.

எண்ணெய் முடிந்து மிசின் தானாக நிற்கும் வரை நானும் ஜெனிஸ்ரனும் கிணற்றடியை விட்டு அசையவில்லை. பிறகு அதை மேலே இழுத்துப் போட்டோம்.

இப்போது ஊரில் வேறு கதை. முனி நாகலிங்கத்தில் ஏறிவிட்டதாம், சேவலை வெறுங்கையால் திருகினானாம். சொல்லட்டும். அந்தப் பயத்தில் ஒருவரும் அந்தக் கிணற்றுக்குள் மிசின் இறக்குவதில்லை. ஆனால் செபநாயகத்தை முனிதான் அடித்தது என்று என் முகத்துக்கு முன்னால் ஒருவன் வந்து சொல்லட்டும் பார்ப்போம்.