முத்துராணியின் சீர் பீரோ படியேறிய விதம்

அன்புள்ள தம்பி இசக்கிராஜாவுக்கு, அக்கா பிரேமலதா எழுதுவது.

நம் தங்கச்சி முத்துராணியின் சீர் பீரோ வெள்ளிக்கிழமை ஏரலில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. உனக்குத்தான் லீவு கிடைக்கவில்லை. அதனால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் பீரோ உள்ளே போயாக வேண்டும். ஆற்று வெள்ளத்துக்குப் பயந்து அவர்கள் வீட்டை ஆறு படி உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். வெறும் பீரோவைச் சீராக அனுப்பக் கூடாதென்று அம்மா அதை அரிசியும் பித்தளைப் பானையுமாக நிறைத்திருந்தாள். படிமேல் பலகை போட்டு, பீரோவைப் படுக்க வைத்து நாலு பேர் தள்ளினார்கள். பாதியில் நின்றுவிட்டது. "அரிசியை மட்டும் இறக்குவமா?" என்று உன் அத்தான் கேட்டார். அம்மா முறைத்தாள்.

மணி பத்தேகால். தள்ளிய நாலு பேரில் ஒருவரான மாப்பிள்ளையின் சித்தப்பா மகாராஜா ஈர வாழைமட்டைகளைக் கொண்டுவந்து பலகை முழுக்கப் பரப்பினார். மறுபடி தள்ளினார்கள். பீரோவும் நாலு பேருமாக வழுக்கிக் கீழே வந்தார்கள்.

"ஏலே, பீரோவ ஏத்தச் சொன்னா நம்மளல்லா இறக்கிட்டு" என்றார் அவர்.

எனக்குப் பள்ளியில் படித்த உராய்வுப் பாடம் ஞாபகம் வந்தது. "பீரோவுக்குத்தான் வழுக்கணும் மாமா, காலுக்கு வழுக்கக் கூடாது. மட்டை நடுவுல மட்டும் கிடக்கட்டும். ரெண்டு ஓரத்துலயும் மணலப் போடுங்க" என்றேன்.

"இத முதல்லயே சொல்லியிருந்தா என் வேட்டி கிழிஞ்சிருக்காதுல்லா" என்றபடி மணலை அள்ளினார்.

பத்து இருபத்தைந்துக்குப் பீரோ உள்ளே போனது. அதன் பிறகுதான் அம்மா ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.